சல்யூட் அடிக்கும் இளவரசன்: ஒரு வழக்கம் பிறந்த கதை

1743 ஜூன் 27. ஜெர்மனியில் மைன் ஆற்றங்கரை, டெட்டிங்கன் என்ற ஊர். பிரெஞ்சுப் படையோடு சண்டை. பிரிட்டனின் அரசர் இரண்டாம் ஜார்ஜ் குதிரைமேல் இருந்தார். சத்தத்தில் மிரண்ட குதிரை எதிரி இருந்த திசையை விட்டுவிட்டுப் பின்பக்கமாகப் பாய்ந்தது. அரசரைச் சுமந்துகொண்டு ஓடும் குதிரையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. கீழே இறங்கினார் ஜார்ஜ். வயது 59. இனி இந்த மிருகத்தை நம்புவதற்கில்லை என்று முடிவு கட்டியவர்போல, வாளை உருவிக்கொண்டு காலாட்படையோடு போய் நின்றார். அன்று வெற்றி அவர் பக்கம். லண்டனில் இசைமேதை ஹாண்டல் அதற்கென்றே ஒரு துதிப்பாடல் இயற்றினார்.

பிரிட்டிஷ் அரசர் ஒருவர் தம் படையைத் தாமே களத்தில் நடத்தியது அதுதான் கடைசி.

ஆனாலும் அரண்மனைப் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போவது நிற்கவில்லை. பிரிட்டனில் வில்லியமும் ஹாரியும் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்றார்கள். ஸ்பெயினில் லெயோனோர், நார்வேயில் இங்ரிட் அலெக்ஸாண்ட்ரா என்று பட்டத்துக்குக் காத்திருக்கும் இளவரசிகளும் துப்பாக்கி தூக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி எழுகிறது: ஆட்சி செய்யாத அரசருக்கு, போருக்குப் போகாத இளவரசருக்கு, எதற்கு இந்த உடுப்பு? ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: இது வாளெடுத்த முன்னோர் வழிவழியாகத் தந்த வழக்கம்.

அந்தப் பதில் வரலாற்றோடு ஒட்டவில்லை. வாளெடுத்த அரசர்களின் வழக்கம் டெட்டிங்கனோடு முடிந்தது. இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு பிறந்த வேறொன்று. வயது ஏறக்குறைய 250. பிறந்த இடம் ஒரு போர்க்கப்பல்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பழைய வழக்கத்தில் இளவரசன் பிறக்கும்போதே தளபதி. டெட்டிங்கனில் அப்பாவோடு போய்க் காலில் காயம்பட்டுத் திரும்பிய கம்பர்லாந்து கோமகன், 25 வயதில் ஒரு முழுப் படைக்குத் தலைவராக நின்று 1746-இல் ஸ்காட்லாந்தின் கல்லோடனில் கிளர்ச்சிக்காரர்களை நசுக்கினார். தமக்கு மேலே இன்னொருவர் நின்று கட்டளையிட, கீழே நின்று விறைப்பாகச் சல்யூட் அடித்துப் படிப்படியாக ஏறிவந்தவர் அல்லர் அவர். புதிய வழக்கத்தின் உயிரே அந்தச் சல்யூட்டில்தான் இருக்கிறது. சல்யூட் வாங்கவே பிறந்த ஒருவர், வாழ்க்கையில் ஒரு சில வருடமாவது அதை அடித்துப் பார்ப்பது.

இதன் விதை பிரஷ்யாவில் விழுந்தது. முளைத்த விதம் கொடூரமானது. அங்கே அரசர் முதலாம் ஃபிரெட்ரிக் வில்லியமுக்குப் பட்டாளமே உலகம். நெட்டையான ஆட்களைத் தேடிப் பிடித்து ஒரு தனிப் படையே வைத்திருந்தவர். பட்டும் சரிகையும் ஒதுக்கி, அன்றாடம் ராணுவ உடுப்பிலேயே நடமாடினார். மகன் ஃபிரெட்ரிக் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, மற்றச் சிறுவர்களைக் கொண்டு ஒரு சிறு படை அமைத்து அவனை அணிவகுக்க வைத்தார். பையனுக்கோ புல்லாங்குழலும் பிரெஞ்சுப் புத்தகமும்தான் பிடித்தன. 1730-இல், 18 வயதில், அப்பாவின் அடி தாங்காமல் நாட்டைவிட்டே ஓடப் பார்த்தான். பிடிபட்டான்.

வேறு வீடாக இருந்தால் இது வயசுப்பிள்ளை கோபித்துக்கொண்டு கிளம்பிய சமாசாரம். ஆனால் மகன் படையில் அதிகாரி. ஆகவே இது படையை விட்டு ஓடிய குற்றம். ராணுவ நீதிமன்றம் கூடியது. பட்டத்து இளவரசரை விசாரிக்கும் தகுதி தங்களுக்கில்லை என்று அதிகாரிகள் நழுவிக்கொண்டார்கள். உடந்தையாக இருந்த நண்பன், லெப்டினன்ட் காட்டே, அவனுக்கு ஆயுள் சிறை என்றார்கள். அரசர் அதைத் திருத்தி மரண தண்டனை ஆக்கினார். நவம்பர் 6 அன்று கூஸ்ட்ரின் கோட்டையில், இளவரசன் ஜன்னல் வழியாகப் பார்க்கும்படி வைத்து, காட்டேயின் தலை வெட்டப்பட்டது. வாள் இறங்குமுன் இளவரசன் மயங்கி விழுந்தான். அந்த மயங்கி விழுந்த பையன்தான் பின்னாளில் ஐரோப்பாவைக் கலக்கிய மகா ஃபிரெட்ரிக். இளவரசன் செய்த பிழைக்குக் கூட இருந்தவன் விலை கொடுத்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை நெடுக அந்த நிழல் வரும்.

இனி கப்பலுக்கு வருவோம். பிரிட்டனில் மூன்றாம் ஜார்ஜுக்குப் பிள்ளைகள் ஏராளம். மூத்தவர் சூதாட்டமும் கேளிக்கையுமாகக் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார். மூன்றாவது மகன் வில்லியமாவது உருப்படட்டும் என்று 1779 ஜூனில் அவனைக் கடற்படையில் சேர்த்தார் அரசர். வயது 13. கப்பலின் பெயர் 'பிரின்ஸ் ஜார்ஜ்'. வேலை, மிட்ஷிப்மேன் என்ற பயிற்சி நிலை. மற்றப் பையன்களை நடத்துவதுபோலவே இவனையும் நடத்த வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு.

தரைப்படையை விட்டு ஏன் கடற்படை? அன்றைய பிரிட்டிஷ் தரைப்படையில் அதிகாரி பதவிகள் விலைக்குக் கிடைத்தன. காசிருந்தால் கேப்டன், இன்னும் காசிருந்தால் கர்னல். 1871-இல்தான் அந்த வியாபாரம் ஒழிந்தது. கடலில் அது செல்லாது. காற்றுக்கும் பாய்மரக் கயிற்றுக்கும் காசு கொடுத்துக் காரியம் சாதிக்க முடியாது. தப்பு செய்தால் கப்பலே போய்விடும். ஆகவே அங்கே பையன்கள் சின்ன வயதில் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் கடலில் கிடந்து, வேலை கற்றுத்தான் ஏற வேண்டும். பெரிய இடத்துப் பிள்ளைக்குக் கீழ்ப்படிதல் கற்பிக்க நாட்டில் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

ஏழே மாதத்தில் பையன் சண்டையைப் பார்த்துவிட்டான். 1780 ஜனவரி 16 இரவு, போர்ச்சுகல் கரையோரம், நிலவொளியில் ஸ்பானியக் கப்பல்களோடு நடந்த கடற்போர். ஸ்பானியத் தளபதி லாங்காரா சிறைப்பட்டார். ஆங்கிலக் கப்பலுக்கு வந்து திரும்பும்போது, படகு தயார் என்று வந்து பணிவாகச் சொன்ன பையன் அரசரின் மகன் என்று அறிந்து அவர் அசந்துபோனாராம். ராஜா வீட்டுப் பிள்ளை இந்த வேலை பார்க்கும் நாடு கடலை ஆள்வதில் வியப்பென்ன என்றாராம். ஆங்கிலேயர்கள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தார்கள். வழக்கம் வேரூன்றியது இப்படித்தான். பையனுக்கு நல்லொழுக்கம் வரட்டும் என்று அப்பா செய்த ஏற்பாடு, நாட்டுக்கே பெருமை தேடித் தரும் காட்சியாகிவிட்டது.

காட்சிக்குப் பின்னால் நடந்தது இன்னொன்று. வில்லியம் மற்றவர்களோடு சமையல் முறை பார்த்தான் என்பது உண்மை. கூடவே பாடம் சொல்ல ஒரு வாத்தியாரும் கப்பலேறினார் என்பதும் உண்மை. ஜிப்ரால்டரில் ஒருநாள் குடித்துவிட்டு நடந்த அடிதடியில் கப்பல் தோழர்களோடு இவனையும் பிடித்து லாக்கப்பில் போட்டார்கள். ஆள் யார் என்று தெரிந்ததும் அவசர அவசரமாக இவனை வெளியே விட்டார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம். சமத்துவம் லாக்கப் கதவு வரைக்கும் வந்து அங்கே நின்றுகொண்டது.

அடுத்த சிக்கல் அமெரிக்காவில். சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். வில்லியம் நியூயார்க்கில் இருந்தான். காவல் அதிகம் இல்லாமல் நகரில் உலாவும் இளவரசனைக் கடத்திவிடலாம் என்று 1782-இல் ஓர் அமெரிக்க அதிகாரி திட்டம் தீட்டினார். ஜார்ஜ் வாஷிங்டனே அதற்கு ஒப்புதல் கொடுத்தார். விஷயம் கசிந்து காவல் பலமானதால் திட்டம் கைவிடப்பட்டது. ஆக, அரசகுமாரனைப் படையில் வைத்திருப்பதன் இரண்டு தொல்லைகளும் தொடக்கத்திலேயே தலைகாட்டிவிட்டன. நம்மவர்கள் அவனுக்குச் சலுகை காட்டுவார்கள். எதிரி அவன்மேல் கண் வைப்பான்.

வில்லியம் பின்னர் மேற்கிந்தியத் தீவுகளில் கடற்படை அதிகாரி நெல்சனின் கீழ் வேலை பார்த்தார். 1787-இல் நெவிஸ் தீவில் நெல்சனுக்குத் திருமணம் நடந்தபோது மணப்பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் இவர்தான். அண்ணன்கள் வாரிசின்றி மறைய, 1830-இல் நான்காம் வில்லியம் என்ற பெயரில் அரியணை ஏறினார். மக்கள் 'மாலுமி ராஜா' என்று அழைத்தார்கள்.

அவருடைய அண்ணன் ஃபிரெட்ரிக்கின் கதை இதன் மறுபக்கம். யார்க் கோமகன். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே அப்பாவின் செல்வாக்கில் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்குக்கு பிஷப் ஆனவர். தரைப்படையிலும் அப்படியே: 29 வயதில், 1793-இல், பிரெஞ்சுப் புரட்சிப் படையை எதிர்க்க ஃபிளாண்டர்ஸுக்குப் போன பிரிட்டிஷ் படைக்குத் தலைவர். தோற்றுத் திரும்பினார். ஆனால் தோல்வியில் பாடம் படித்த மனிதர். காசு கொடுத்து வந்த அதிகாரிகளுக்குத் தொழில் தெரியவில்லை என்பதைக் கண்ணால் கண்டிருந்தார். பிறகு தலைமைத் தளபதியானபோது, லெ மார்ச்சண்ட் என்ற குதிரைப்படை அதிகாரி தீட்டிய ராணுவக் கல்லூரித் திட்டத்தை ஆதரித்தார். 1802-இல் மார்லோவில் இளைஞர்களுக்கு வகுப்பு தொடங்கியது. 1812-இல் சாண்ட்ஹர்ஸ்டுக்குக் குடிபெயர்ந்தது. இருநூறு வருடம் கழித்து வில்லியமும் ஹாரியும் படித்த கல்லூரி, ஓர் இளவரசரின் தோல்வியில் முளைத்தது.

விக்டோரியா காலத்தில் வழக்கம் சட்டம்போல் இறுகியது. கூடவே கேலிக்கூத்தும் சேர்ந்துகொண்டது. 1861 கோடையில் அரசியின் மூத்த மகன் பெர்ட்டியை அயர்லாந்தின் கரா முகாமுக்கு அனுப்பினார்கள். பத்து வாரத்தில் கடைநிலை அதிகாரி வேலையில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு படியாக ஏறி, கடைசியில் ஒரு பட்டாலியனையே நடத்திக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. முடிவில் மேலதிகாரி கைவிரித்துவிட்டார்: கட்டளை சொல்லவே சரியாக வரவில்லை, பட்டாலியனை ஒப்படைக்க முடியாது. அதைச் சொன்ன அதிகாரியின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் 1875-இல் அதே பெர்ட்டி ஃபீல்ட் மார்ஷல் ஆனார், படையின் ஆக உயர்ந்த பதவி. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் என்று அரசரும் ஆனார்.

அவர் மகன் ஜார்ஜுக்கு வாய்த்தது வேறு. 12 வயதில், 1877-இல், அண்ணனோடு 'பிரிட்டானியா' பயிற்சிக் கப்பலில் சேர்ந்தான். இளவரசன் என்பதால் அங்கே ஒரு நன்மையும் கிடைக்கவில்லை, உதைதான் கூடுதலாகக் கிடைத்தது என்று வயதான பிறகு நினைவுகூர்ந்தார். பெரிய பையன்கள் அவன் காசில் தின்பண்டம் வாங்கித் தின்றார்களாம். ஐந்தாம் ஜார்ஜாக நாடாண்டபோது மனிதர் கடிகாரம்போல் நடந்தார். அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது கப்பல்தான். வாரிசாகப் பிறக்காமல் இரண்டாம் பிள்ளையாகப் பிறந்ததால் கடற்படையிலேயே தொடர முடிந்தது. அண்ணன் இறந்ததால் முடி தேடி வந்தது.

முதல் உலகப் போர் வந்தபோது வாரிசுக்கும் இளையவருக்கும் இடையிலான இந்த முரண் வெளிச்சத்துக்கு வந்தது. ஐந்தாம் ஜார்ஜின் மூத்த மகன் எட்வர்ட், 20 வயது, முன்னணிக்கு அனுப்பச் சொல்லி மன்றாடினார். எனக்கு நாலு தம்பிகள் இருக்கிறார்கள், செத்தால் என்ன என்பது அவர் வாதம். போர் அமைச்சர் கிச்சனர் மறுத்துவிட்டார். சாவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. எதிரியிடம் சிறைப்பட்டால் என்ன செய்வது என்பதுதான் கவலை. வாஷிங்டன் ஒப்புதல் கொடுத்த அந்தப் பழைய திட்டத்தின் பயம் 132 வருடம் கழித்தும் தீரவில்லை. தம்பி ஆல்பெர்ட்டுக்கு இந்தத் தடை இல்லை. 1916-இல் ஜட்லாண்டு கடற்போர் தொடங்கியபோது 'காலிங்வுட்' கப்பலின் நோயாளிகள் அறையில் படுத்திருந்தவர், எழுந்து பீரங்கி மேடைக்குப் போனார். பின்னாளில் இவர்தான் ஆறாம் ஜார்ஜ்.

அவர் மகள் எலிசபெத், 1945-இல், 18 வயதில், பெண்கள் துணைப்படையில் சேர்ந்தார். எண் 230873. லாரி ஓட்டவும் இன்ஜினைக் கழற்றி மாட்டவும் கற்றார். பகலெல்லாம் கையில் கிரீஸ். இரவில் தூங்க விண்ட்ஸர் அரண்மனை. ஜிப்ரால்டர் லாக்கப் கதவு இங்கே அரண்மனை வாசலாக மாறியிருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் பட்டத்துக்குரிய ஒரு பெண் இன்னொருவர் சொன்ன வேலையைச் செய்தது அந்த வீட்டுக்குப் புதிது.

எலிசபெத் அரசியானபின் அந்தக் கதவு அவர் முன்னால் வந்து நின்றது. 1982, ஃபாக்லாந்து போர். மகன் ஆண்ட்ரூ 'இன்வின்சிபிள்' கப்பலில் ஹெலிகாப்டர் விமானி. இளவரசரை மேசை வேலைக்கு மாற்றிவிடலாம் என்று அரசாங்கம் நினைத்தது. மகன் கப்பலிலேயே இருக்கட்டும் என்றார் அரசி. ஏவுகணைகளைத் திசைதிருப்பும் பொறியாகவும் அந்த ஹெலிகாப்டர்கள் பறந்தன. மற்றத் தாய்மார்களின் பிள்ளைகள் எங்கே இருந்தார்களோ அங்கேயே தம் பிள்ளையையும் இருக்கவிட்டார் என்ற அளவில், இந்த வழக்கம் தன் சொல்லைக் காப்பாற்றிய அரிய தருணம் அது.

பேரன் ஹாரியின் காலத்தில் செய்தி, தோட்டாவை விட வேகமாகப் போனது. 2007-இல் ஈராக் பயணம் கடைசி நேரத்தில் ரத்தானது. அவர் இருந்தால் கூட இருப்பவர்களுக்கும் குறி வைப்பார்கள் என்று தரைப்படைத் தளபதி முடிவெடுத்தார். அந்த டிசம்பரில் ரகசியமாக ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டுக்குப் போனார். பிரிட்டிஷ் பத்திரிகைகள் வாயைக் கட்டிக்கொண்டன. பத்து வாரத்தில் வெளிநாட்டு ஊடகங்களில் செய்தி கசிந்தது. உடனே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அவர் விமானம் ஏறினார். கூட இருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். அதே விமானத்தில் ஒரு டேனிஷ் வீரரின் சவப்பெட்டியும், நினைவிழந்து கிடந்த பிரிட்டிஷ் வீரர்களும் வந்தார்கள் என்று பின்னர் பலமுறை பேசியிருக்கிறார். காயமுற்ற வீரர்களுக்காக 2014-இல் அவர் லண்டனில் தொடங்கிய இன்விக்டஸ் விளையாட்டுகளின் தொடக்கப் புள்ளி அந்தப் பயணம்தான்.

இப்போது 2022 செப்டம்பர், எலிசபெத்தின் இறுதி ஊர்வலம். பயிற்சியைப் பாதியில் விட்டு 1987-இல் மரைன் படையிலிருந்து விலகிய மகன் எட்வர்ட் ராணுவ உடுப்பில் நடந்தார். படையில் பணியே செய்யாத மகள் ஆன், கௌரவப் பதவிக்குரிய கடற்படை உடுப்பில் நடந்தார். ஆப்கானிஸ்தானுக்கு இருமுறை போன ஹாரியும் ஃபாக்லாந்தில் பறந்த ஆண்ட்ரூவும் சாதாரணக் கோட்டில் நடந்தார்கள். ஒருவர் அரசப் பணியிலிருந்து விலகியவர், இன்னொருவர் அவப்பெயரால் கௌரவப் பதவிகளை இழந்தவர். காரணங்கள் எப்படியோ, உடுப்பும் உழைப்பும் இரண்டாகப் பிரிந்து போனதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. உடுப்பு குடும்பத்தில் இருக்கும் இடத்தைக் காட்டும் அடையாளமாகிவிட்டது.

அப்படியானால் வழக்கத்தையே கைவிட்டுவிடலாமா? அவசரப்பட வேண்டாம் என்று சொல்ல ஸ்பெயினில் ஓர் இரவு இருக்கிறது. 1981 பிப்ரவரி 23. நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார்கள் சில அதிகாரிகள். நள்ளிரவுக்குப் பிறகு அரசர் யுவான் கார்லோஸ் தலைமைத் தளபதி உடுப்பில் தொலைக்காட்சியில் தோன்றி, அரசியல் சட்டத்தின் பக்கம் நின்றார். சதி சரிந்தது. மூன்று படைக் கல்லூரிகளிலும் பயின்ற அவருக்கு அந்தத் தளபதிகளின் மொழி தெரியும். அவர் பேத்தி லெயோனோர் 2023 ஆகஸ்டில் ஸரகோஸா கல்லூரியில் சேர்ந்ததும், அக்டோபரில் அப்பாவின் முன்னிலையில் கொடிக்கு உறுதிமொழி எடுத்ததும் அந்த நினைவின் தொடர்ச்சி. அரசரிடம் படைகளின் தலைமையை அரசியல் சட்டமே ஒப்படைத்திருக்கும் நாட்டில், வாரிசுக்குப் படை தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

நார்வேயின் வழி இன்னும் எளியது. அங்கே 2015 முதல் கட்டாய ராணுவப் பணி பெண்களுக்கும் உண்டு. 2024 ஜனவரியில் இங்ரிட் அலெக்ஸாண்ட்ரா வடக்கே பனிக்காட்டில் இருக்கும் பொறியியல் பட்டாலியனில் சேர்ந்தார். அதிகாரிப் பட்டம் இல்லை. கவச வண்டியில் பீரங்கி இயக்கும் சாதாரணச் சிப்பாய். 15 மாதம் இருந்துவிட்டு 2025 ஏப்ரலில் வெளியே வந்தார். ஊர்ப் பிள்ளைகள் போகும் இடத்துக்கு அரண்மனைப் பிள்ளையும் போனது என்பதற்கு மேல் அதில் சொல்ல எதுவுமில்லை. மூன்றாம் ஜார்ஜ் தம் 13 வயது மகனுக்குக் கேட்டதும் இதைத்தான்.

இளவரசர்கள் பட்டாளத்துக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் தோட்டாவையும் பதக்கத்தையும் எண்ணுகிறார்கள். நான் ஜிப்ரால்டர் லாக்கப்பை நினைத்துக்கொள்கிறேன். இளவரசன் வெளியே வருவதோடு அந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அவனோடு சேர்ந்து குடித்து, சேர்ந்து அடித்து, சேர்ந்து அடைபட்ட மற்றப் பையன்கள் என்ன ஆனார்கள் என்று அந்தக் கதை சொல்வதில்லை. அவர்களோடு சேர்ந்து வெளியே வர ஒப்புக்கொள்ளும் பிள்ளை இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் உடுப்பைத் தைக்கும் செலவாவது மிஞ்சட்டும்.